டிவியில் வந்த கிணறு

தலை பத்திரமுங்கண்ணா. மேசைக்கு அடியில ஒரு ஆணி நீட்டிட்டு இருக்குது. எங்க வீட்டுக்காரர் அடிச்சதுங்க. தட்டி மடக்கிடறேன், மடக்கிடறேன்னு சொல்லிட்டேதான் இருக்கறார்.

டீ ஆறுது. அப்புறம் குடிச்சுக்கறீங்களா? சரிங்க. நீங்க அடியிலயே இருந்து வயரை மாட்டுங்க, அவசரமில்லை. மொகம் தெரியாம இருந்தாத்தான் எனக்குப் பேச்சே வரும். கடைக்குப் போனாக்கூட என்ன வேணும்னு வாயைத் தொறந்து கேக்க மாட்டேன், கையைக் காட்டுவேன். கல்யாணமான புதுசுல எங்க மாமியா ஊரெல்லாம் சொல்லி வெச்சுட்டாங்க, "பூபதி ஊமைப் புள்ளையைக் கட்டிட்டு வந்துட்டான்"னு. பூபதிங்கறது எங்க வீட்டுக்காரர்.

என்ன கேட்டீங்க? டிவி நல்லாத்தானே இருக்குது, அதை எதுக்குக் கழட்டச் சொல்றேன்னா?

நல்லாத்தானுங்க இருக்குது. அது எங்க மாமியாளுது, திருப்பிக் குடுத்தறலாம்னுதான் உங்களைக் கூப்புட்டதே. டிவியைக் குடுத்துட்டா எங்க மாமியா பவானியில இருந்து வந்துருவாங்க. அவங்க வந்தா என்ற பையனும் வந்துருவான். சர்வேஷ். மூணாவது வயசு நடக்குது.

சுருக்காச் சொல்லத்தான் பாக்கறேன். எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியலை.

இந்த கம்ப்யூட்டர் என்றதில்லீங்க, கம்பெனிது. நான் எட்டாவதுதான். தறிக்குத் தார் சுத்திட்டு இருந்தேன், கட்டையில நூல் சுத்தற வேலை. நூல் கடைக்கு மேல மாடியில கம்ப்யூட்டர் வேலைக்குப் பொண்ணுங்க எடுக்கறாங்கன்னு சொன்னாங்க. இங்கிலீஷ் தெரியோணுமான்னேன். எழுத்துக் கூட்டிப் படிச்சாப் போதும், கண்ணு நல்லா இருந்தாச் சரின்னாங்க. மொதல்ல படத்துல கட்டம் போடற வேலை. ரோட்டுப் படம் வரும். கார் மேல ஒரு கட்டம், மாட்டு மேல ஒரு கட்டம், ஆளு மேல ஒரு கட்டம். எதுக்குங்கறீங்க? மெஷினுக்குச் சொல்லிக் குடுக்கறதாமா, இதான் மாடு, இதான் மனுசன்னு.

அப்புறம் வீடியோவுக்கு மாத்துனாங்க. அது எல்லாருக்கும் குடுக்க மாட்டாங்க. செல்போன்ல சனங்க கண்டதையும் போடறாங்கல்ல, அதுல எதை ஊர் பாக்கலாம், எதைப் பாக்கப்படாதுன்னு மெஷின் பிரிக்கோணும். மெஷினுக்கு மொதல்ல ஒருத்தர் பாத்துச் சொல்லோணும். ஒண்ணு அமுக்குனா அடிதடி. ரெண்டு, ரத்தம். மூணு, நெருப்பு. நாலு, சாவு. அஞ்சு அமுக்குனா பயமில்லைன்னு அர்த்தம். அவ்வளவுதானுங்க வேலை. கஷ்டமே கெடையாது.

என்னோட ஒட்டுக்காச் சேர்ந்த பொண்ணுங்க மொத வாரமே ஓடிட்டாங்க. ஒரு புள்ளை பாத்ரூமுக்கும் சீட்டுக்கும் நடந்துட்டே இருந்துது, வாந்தி. நான் அப்படியெல்லாம் பண்ணலை. மேல இருக்கற சார் எல்லாரையும் நிக்க வெச்சு, "கோகிலவாணியைப் பாருங்க, சத்தம் கித்தம் உண்டா? கல்லு மாதிரி உக்காந்து முடிக்குது"ன்னார். கையெல்லாம் தட்டுனாங்க. பள்ளிக்கூடத்துல கூட எனக்கு ஒருத்தரும் கை தட்டுனதில்லீங்க. வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அன்னைக்குப் பரோட்டா வாங்கிட்டு வந்தார்.

கொழந்தை பொறந்ததும் நின்னுக்கறேன்னேன். சார் விடலை. வீட்டுலயே பாருன்னு கம்ப்யூட்டரை ஆட்டோவுல ஏத்தி அனுப்பிச்சுட்டார். ஆனா ஒரு மானிட்டர்தான் வந்துது. ஆபீஸ்ல ரெண்டு இருக்கும். இக்கட்டால வீடியோ, அக்கட்டால ரூல்ஸ். எனக்கு ரூல்ஸ் எல்லாம் மனப்பாடம், ஒரு மானிட்டரே போதும். அப்படியே ஓட்டிட்டு இருந்தேன். திடீர்னு ஒரு நாள் மேல இருந்து சொல்லிட்டாங்களாமா, ரெண்டு மானிட்டர் இல்லாதவங்க ஐடியை மூடிருவோம்னு.

எங்க வீட்டுக்காரர் தறி ஓட்டறவர். எந்த மெஷினையும் தானே பிரிச்சுப் பாக்கோணும் அவருக்கு. சந்தையில ஒரு வயர் வாங்கிட்டு வந்தார். ஒரு பக்கம் ஒத்தை, இன்னொரு பக்கம் ரெண்டாப் பிரியும். பக்கத்து வீட்டு மானிட்டரை இரவல் வாங்கி மாட்டுனார். ரெண்டுலயும் ஒரே படம். இதுல மவுஸ் அம்பு நகந்தா அதுலயும் நகருது. "பாத்தியா, ரெட்டைப் புள்ளை!"ன்னு அவருக்கு ஒரே சந்தோசம். சாருக்குப் போன் போட்டா, "அது செல்லாதுங்க பூபதி, கம்ப்யூட்டர் அதை ஒண்ணுன்னுதான் எண்ணும்"னுட்டார்.

நீங்க சிரிக்கறது கேக்குது. அப்ப உங்களைத் தெரியாதுங்களே.

அப்புறந்தான் டிவி. டிவியும் ஒரு மானிட்டர்தான்னார். டிவி ஹாலுல இருக்குது, நான் உள் ரூம்புல இருக்கறேன். செவுத்துல ஓட்டை போட்டு வயரை விட்டார். அதா, உங்க முட்டிக்குப் பக்கத்துல. இந்த வேலையை நம்மளைத் தவிர ஒருத்தரும் பாக்கப்படாதுன்னு கம்பெனியில கண்டிசன். அதனால டிவிக்கு ரூல்ஸ் மட்டும் போறாட்ட வெச்சார். வீடியோ என்றதுலயே நிக்கும். கதவைத் தொறந்து வெச்சா நாற்காலியில இருந்தே டிவி தெரியும். "எழுத்துத்தான, யாரு பாத்தா என்ன?"ன்னார்.

எங்க மாமியாகிட்ட சம்மதம் வாங்கறதுதான் பெரும்பாடாப் போச்சு. பகல்ல எனக்கு, சாயந்தரம் வெளக்கு வெச்சா அவங்களுக்குன்னு பேச்சு. "என்ற டிவியில ரேசன் கடை போர்டை மாட்டிட்டீங்களேடா"ன்னு ரெண்டு நாள் பொலம்புனாங்க. அப்புறம் பழக்கத்துல அந்த எழுத்து முன்னாடியே உக்காந்துக்குவாங்க. கடலைக்காய் உரிப்பாங்க, கொழந்தைக்கு சோறு ஊட்டுவாங்க, எல்லாம் அங்கதான். எதுத்த வீட்டு ரத்தினக்கா வந்து, "இதென்ன சீரியல், ஒரு ஆளையும் காணோம்?"னு கேட்டா, "எம் மருமக சீரியலு. அவளாட்டவே, ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாங்க"ன்னு சொல்லிச் சிரிப்பாங்க. நல்லவங்கதானுங்க. வாய் மட்டுந்தான்.

அன்னைக்குக் கரண்ட் போய்ட்டு வந்துது. நானும் கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டேன். என்ற மானிட்டர்ல வீடியோ வந்துது. வேலையை ஆரம்பிச்சுட்டேன். டிவிப் பக்கம் நான் திரும்பவே மாட்டேன், அதான் ரூல்ஸ் மனப்பாடம்னேனே. காதுல ஹெட்போன். வெளிய தறிச் சத்தம்கூட கேக்காது.

கரண்ட் போய் வந்ததுல பழையபடி மாறிக்கும்னு சொல்றீங்க. ரெண்டுலயும் ஒரே படமா. ஆமாங்க, அப்படித்தான் ஆயிருக்குது. இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது. நான் எங்க வீட்டுக்காரர் மேலதான் சந்தேகப்பட்டேன்.

வந்த வீடியோவா? ஒண்ணுமில்லீங்க, ஒரு பையன். நம்ம பக்கமில்லை, எந்த ஊரோ. கெணத்து மேட்டுல நிக்கறான். தண்ணியில ஒரு கொடம் மெதக்குது, அதை எட்டி எட்டிப் புடிக்கப் பாக்கறான். அப்புறம் விழுந்தர்றான். அவ்வளவுதான். எடுத்தவன் எடுத்துட்டே இருக்கறான்.

பாத்த ஒடனே நாலு அமுக்கிட முடியாதுங்க. கால் எந்த இடத்துல நழுவுதுன்னு சரியாக் குறிக்கோணும். மூணு தரம் கடைசி வரைக்கும் பாக்கோணுங்கறது ரூல்ஸ். அதனால முன்னால தள்ளிப் பாப்பேன், பின்னால இழுத்துப் பாப்பேன். அப்பத்தான் பசிக்க ஆரம்பிச்சுது. காலையில இருந்து ஒண்ணும் சாப்புடலை. போசியில தயிர்சோறு இருந்துது, எடுத்து மடியில வெச்சுட்டு ஒரு கையில சாப்புட்டுட்டே, ஒரு கையில இழுத்துட்டு இருந்தேன்.

ஹாலுல எங்க மாமியா, என்ற பையன், ரத்தினக்கா. எனக்குத் தெரியாதுங்களே. யாரோ தோளைப் புடிச்சு இழுத்தாங்க. ஹெட்போன் கழண்டு விழுந்துது. ரத்தினக்கா நிக்கறாங்க, ஹாலுப் பக்கம் கையைக் காட்டறாங்க. நான் ஹாலுக்கு வந்தேன். எங்க மாமியா கொழந்தை கண்ணைப் பொத்திப் புடிச்சுட்டு செவுத்தோட ஒட்டி நிக்கறாங்க. கடலைக்காய் பூராக் கொட்டிக் கெடக்குது. அவன் கையைத் தட்டி விட்டுட்டுச் சிரிக்கறான். இன்னொருக்கா, இன்னொருக்காங்கறான். அவனுக்கு அது ஏதோ வெளையாட்டு.

நான், "என்னாச்சுங்க அத்தை, பாம்பு கீம்பு வந்துருச்சா?"ன்னேன்.

அவங்க என்னைப் பாத்த பார்வை இருக்குதே. என்ற மொகத்தைப் பாக்கலை. கையைப் பாத்தாங்க. கையில சோறு இருந்துது.

"மேல வந்துட்டான்னு நெனச்சேன் அம்மிணி"ன்னாங்க. "கெணத்துல இருந்து திரும்பி மேல வந்தான் பாரு, சாமி காப்பாத்திருச்சுன்னு நெனச்சேன். மறுபடியும் விழுந்துட்டான். மறுபடியும் வந்தான். நீதான் இழுத்துட்டு இருந்தியா?"

"ஆமாங்க அத்தை. ரூல்சுங்க."

தப்பாச் சொல்லிட்டனுங்களா? உள்ளதைத்தானுங்க சொன்னேன்.

என்னங்கண்ணா, பாதியில எந்திரிச்சுட்டீங்க? ஆணி குத்திருச்சா? போன் பேசோணுமா? பேசுங்க, பேசுங்க, ஒண்ணுமில்லை. வெளிய போய்ப் பேசறீங்களா? அங்கதான் டவர் நல்லாக் கெடைக்கும்.

வந்துட்டீங்களா. வீட்டுக்குங்களா? என்ன பண்றாளாம் உங்க பாப்பா? தூங்கறாளா? அப்புறம் எதுக்குங்க எழுப்பச் சொன்னீங்க, பாவம்? சும்மா கொரல் கேக்கோணும்னா? சரி, சரி. நான் ஒண்ணும் நெனச்சுக்கலை. தண்ணி வேணுமா?

மிச்சத்தையும் சொல்லிடறேன். அன்னைக்கு ராத்திரி எங்க மாமியா சாப்புடலை. டிவி மேல ஒரு துண்டைப் போட்டு மூடிட்டாங்க. சீரியல் நேரம் வந்துது, போட்டுக்குங்க அத்தைன்னேன். "அதுக்குள்ள அந்தப் பையன் இருக்கறான்"ன்னாங்க. அதுக்குள்ள யாரு இருக்கறா? வயரைக் கழட்டிட்டா அது வெறும் டிவி. இதைக் கூடவா படிச்சுத் தெரிஞ்சுக்கோணும்?

அதுக்கப்புறம் கொழந்தையை என்றகிட்ட விடறதில்லை. குளிக்க வெக்கப் போனா, நான் பாத்துக்கறேன்னு வாங்கிக்குவாங்க. தூங்க வெக்கறதும் அவங்கதான். ஒரு நாள் அவன் வாசப்படி தடுக்கி விழுந்து மொழங்கை தேஞ்சு ரத்தம் வந்துது. நான் பக்கத்துலதான் நின்னேன். எங்க மாமியா சமையல்கட்டுல இருந்து ஓடி வந்து தூக்குனாங்க. தூக்கிட்டு என்னைத் திரும்பிப் பாத்தாங்க. "பக்கத்துலதான நிக்கற?"ன்னாங்க. நின்னேன். பாத்துட்டுத்தான் இருந்தேன். எனக்கும் தெரிஞ்சுது, அவன் விழப் போறான்னு. கால் நழுவுன எடம்கூட தெரிஞ்சுது. அமுக்கறதுக்கு எதுவும் இல்லாம கை சும்மா இருந்துது.

மறுநாள் துணியைக் கட்டிட்டாங்க. பவானியில எங்க நங்கையா வீடு, எங்க வீட்டுக்காரரோட அக்கா. கொழந்தையையும் தூக்கிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் செருப்பைப் போடறதும் கழட்டறதுமா நிக்கறார். நான் சொன்னேன், வேலையை விட்டர்றனுங்க அத்தைன்னு. நெசமாத்தான் சொன்னேன். எனக்குத் தார் சுத்தத் தெரியாதா என்ன?

"வேலையை விடச் சொல்லலை அம்மிணி"ன்னாங்க. அவங்க அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை, கெணத்துக்குள்ள இருந்து வர்ற கொரலாட்ட. "அந்தப் பையனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடு. என்னைக்கு விடறயோ அன்னைக்கு ஒரு போன் போடு. அடுத்த பஸ்ஸுல உன்ற மகனோட வந்து எறங்கறேன்."

இது என்னங்க பேச்சு? யாருன்னே தெரியாத பையனுக்கு.

முயற்சி பண்ணாம இல்லை. உக்காந்து பாத்தேன். எங்கப்பா செத்ததை நெனச்சுப் பாத்தேன். அவர் செத்தது என்ன நம்பர்னு மனசு தேட ஆரம்பிச்சுருச்சு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழமை பவானிக்கே போனேன். போறப்பவே கைப்பையில ஒரு வெங்காயம். நங்கையா வீட்டுக்குப் பொறகால நின்னு உரிச்சு, கண்ணுல நல்லாத் தேச்சுட்டு உள்ள போனேன். தாரை தாரையாத் தண்ணி. எங்க மாமியாளுக்கு ஒரு நிமிசம் மொகமே மாறிப் போச்சு, "கண்ணு"ன்னு கிட்ட வந்தாங்க. வந்து என்ற கையை எடுத்து மொகத்துல ஒத்திக்கிட்டாங்க. மோந்துட்டாங்க.

ஒண்ணும் திட்டலை. அதான் எனக்கு ஆச்சரியமா இருந்துது. வெங்காயச் சாம்பார் வெச்சுச் சோறு போட்டாங்க. கொழந்தை என்ற மடியில வந்து உக்காந்துது, கொஞ்ச நேரம். அப்புறம் அவங்கத்தை புள்ளைங்களோட வெளையாடப் போயிருச்சு.

பஸ்ஸுல வரும்போதுதான் யோசிச்சேன். அவங்களுக்குக் கோபமெல்லாம் டிவி மேலதான். வெளிய சொல்ல மாட்டேங்கறாங்க. இத்தன வருசமா அந்த டிவிதான் அவங்களுக்குத் தொணை, அதைப் புடுங்கிட்டோமில்ல. அதான் உங்களைக் கூப்புட்டேன். தனியா ஒரு மானிட்டர், இந்த ரூம்புக்குள்ளயே. கதவையும் சாத்திக்குவேன். டிவி அவங்களுக்கு. துண்டைக்கூட நான் தொவச்சு மடிச்சு வெச்சுட்டேன்.

அப்படி இல்லைங்கறீங்களா? நீங்க அவங்களைப் பாத்ததில்லை.

ஆயிருச்சா? ஓ, ரெண்டுக்கும் ஒரே மாதிரி பின்னு, கம்ப்யூட்டர்ல அந்த மாதிரி ஓட்டை ஒண்ணுதான்னு, டிவி வயர் இருந்த ஓட்டையில சேரத்தான் அந்தச் சின்னக் கட்டை போட்டீங்களா? நல்ல வேளை கொண்டு வந்தீங்க. எழுந்திரிங்க, மெல்ல. ஆணி.

ரெண்டும் எரியுது. நீங்க கொண்டு வந்ததும் பழைய மானிட்டர்தான, நல்லாத் தெளிவா இருக்குது.

அம்பை இப்படியே கொண்டு போனாப் போதுமா? இதோட ஓரத்துல மறைஞ்சு அதுல வருது. கரண்ட் போய் வந்தாலும் மாறாதுல்ல? மாறுனா இந்த ரெண்டு பட்டனையும் ஒட்டுக்கா அமுக்கிச் சரியா இருக்குதான்னு பாக்கோணும். சரிங்க, ஞாபகம் வெச்சுக்கறேன்.

வீடியோ ஓட்டிப் பாக்கோணுங்களா? இருங்க, வேலையைத் தொறக்கறேன்... அது வேண்டாமா? ஏனுங்க, அதுல சத்தத்தைக் கொறச்சுக்கலாம். சரி, சரி, வேண்டாம். வேற வீடியோ என்றகிட்ட எங்க இருக்குது? போன்ல ஒண்ணு இருக்குது. நங்கையா நேத்து அனுப்பிச்சாங்க. நான் இன்னும் முழுசாப் பாக்கலை, போன்ல பொடிசாத் தெரியுது. கம்ப்யூட்டர்ல மாட்டிப் போடறீங்களா?

இவன்தானுங்க சர்வேஷ். பெருசா வெச்சதும் அவங்கப்பா சாடை நல்லாத் தெரியுது, இல்லீங்களா? சட்டை புதுசாட்ட இருக்குது. மாடிப்படியில என்ன பண்றான் அவன்? டம்ளரைத் தூக்கிட்டு எறங்கறான். பால் போல. தளும்புது பாருங்க. யாரு எடுக்கறது? நங்கையாதான், சிரிப்புச் சத்தம் கேக்குது. எடுத்துட்டே நிக்கறாங்க. ஒருத்தராவது கையைப் புடிக்கலாம்ல.

எறங்கிட்டான். பயமில்லை. அஞ்சு.

இன்னொருக்காப் போடுங்கண்ணா. கடைசி வரைக்கும் விடுங்க.

இந்தப் படியில பாருங்க, கால் பாதிதான் ஊனுது. இங்கதான். இல்லை, எறங்கிட்டான். இன்னொருக்கா. மூணு தரம் பாக்கோணும். நானே இழுத்துக்கறேன், குடுங்க. மேல கொண்டு போறேன். அங்கதான், மேல் படியிலயே இருக்கட்டும். கொஞ்ச நேரம் எறங்காம இருக்கட்டும்.

என்னங்க இது, அம்பு ஆடுது? இந்த மானிட்டர்லயும் ஆடுது, அக்கட்டால தள்ளுனா அதுலயும் ஆடுது. வயரு லூசா இருக்குதாட்ட. மேசையா? மேசை ஆடலையே. நீங்கதான அட்டை மடிச்சுக் காலுக்குக் குடுத்தீங்க.

மவுஸ்ல இருந்து கையை எடுத்தா நின்னுக்குது பாருங்க. கை வெச்சா ஆடுது.

ஒருக்கா அடியில போய்ப் பாருங்கண்ணா. நல்லா அமுக்கி விடுங்க.